அஞ்சலியும் நகலும்

நாகூர் ஹனிபா 2015 ஏப்ரல் 8 அன்று மறைந்தார். அதற்குப் பின் அவருடைய பாட்டுக்களை மட்டுமே எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகும் அஞ்சலிக் கச்சேரிகள் பல நடந்தன. அவற்றில் ஒன்றை நான் லப்பைக்குடிக்காட்டில் கேட்டேன். குழுவின் பெயரும் பாடியவரின் பெயரும் இங்கு வேண்டாம். அன்றிரவு எனக்கு ஏற்பட்ட ஒரு சங்கடத்தை நானே விளங்கிக்கொள்ளும் பொருட்டு இதை எழுதுகிறேன். பாடியவர் நன்றாகவே பாடினார். கூட்டம் மகிழ்ந்தது. நானும் மகிழ்ந்தேன். ஆனால் யாருக்காக அந்தக் கச்சேரியோ அவர் செய்த காரியம் அங்கே நடக்கவில்லை என்று பட்டது. அப்படியானால் அவர் செய்த காரியம்தான் என்ன?

நான் திட்டக்குடிப் பக்கத்தவன். வெள்ளாற்றுக்கு இந்தக் கரையில் நாங்கள், எதிர்க்கரையில் லப்பைக்குடிக்காடு. இன்று ஆறு கடலூர், பெரம்பலூர் மாவட்டங்களுக்கு எல்லை. ஆண்டின் பெரும்பகுதி அதில் மணல்தான் ஓடும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் தண்ணீர். அக்கரையில் கல்யாணம் என்றால் மைக்செட்காரர் உயரமான மரத்தில் புனல் ஸ்பீக்கரைக் கட்டி, வாயை எங்கள் பக்கம் திருப்பிவிடுவார். எழுபதுகளில், என் பள்ளிப் பருவத்தில், ஹனிபாவை நான் கேட்டதெல்லாம் இப்படி மணலைத் தாண்டித்தான். அவர் முகத்தைப் பார்க்கும் முன்பே பல ஆண்டுகள் அந்தக் குரலைத் தெரிந்து வைத்திருந்தேன்.

அந்தப் புனல் ஸ்பீக்கரைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அது கீழ்ஸ்தாயியைத் தின்றுவிடும். தபலாவின் இடது கை ஒலி ஆற்றைக் கடக்காது. ஹார்மோனியம் ஏதோ ஒரு ரீங்காரமாக வந்து சேரும். மெல்லிய குரல்காரர்கள் யாராயிருந்தாலும், எவ்வளவு பெரிய சங்கீதமாயிருந்தாலும், பாதி மணலில் விழுந்துவிடுவார்கள். ஹனிபாவின் குரல் மட்டும் வார்த்தை வார்த்தையாக எங்கள் வாசலுக்கு வந்தது. மெய்யெழுத்துக்கள் உடையாமல் வந்தன. வல்லினம் வல்லினமாகவே வந்தது. றகரத்துக்கும் ரகரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத் தமிழாசிரியருக்கு முன்பே எனக்குச் சொல்லிக்கொடுத்தது அந்தக் குரல்தான் என்றால் அது அதிகமில்லை.

இதே குரல் எங்கள் கரையிலிருந்தும் புறப்பட்டதுண்டு. தி.மு.க. கூட்டம் எட்டு மணிக்கு என்றால் ஆறு மணிக்கே இசைத்தட்டு சுழலத் தொடங்கிவிடும். அக்கரையில் நபியைப் பாடிய குரல் இக்கரையில் அண்ணாவை அழைத்தது. எங்களுக்கு அதில் முரண்பாடு எதுவும் தோன்றவில்லை. குரல் ஒன்று, சேதி இரண்டு. இரண்டு சேதிகளும் ஆற்றைக் கடக்கவேண்டியிருந்தது.

அவருடைய வரலாறு பலருக்கும் தெரிந்ததுதான். 1925 டிசம்பர் 25 அன்று ராமநாதபுரத்தில் பிறந்தார், ஊர் நாகூர். முறைப்படி சங்கீதம் கற்றவரல்ல. பதின்வயதிலேயே கல்யாண வீடுகளில் பாடத் தொடங்கினார். திராவிட இயக்கத்தோடு இளமையிலேயே சேர்ந்தவர், கடைசிவரை விலகவில்லை. 1957இல் நாகப்பட்டினத்திலும், 2002இல் வாணியம்பாடி இடைத்தேர்தலிலும் சட்டசபைக்கு நின்றார்; இரண்டிலும் தோற்றார். பாட்டைக் கேட்கக் கூடியவர்கள் எல்லோரும் ஓட்டையும் போட்டுவிடுவதில்லை. சட்ட மேலவையில் இருந்தார். வக்பு வாரியத்துக்குத் தலைமை வகித்தார். சினிமாவுக்கு அவர் அதிகம் போகவில்லை. ‘பாவமன்னிப்பு’ (1961), ‘செம்பருத்தி’ (1992), ‘ராமன் அப்துல்லா’ (1997) என்று எண்ணிவிடலாம். சினிமாவின் தயவில்லாமல் தமிழ்நாடு முழுவதும் தெரிந்த குரலாக ஒருவர் இருக்கமுடிந்தது என்பதே நம் கலாசார வரலாற்றில் தனியாக ஆராயப்படவேண்டிய விஷயம்.

அவருக்கு ஒட்டிக்கொண்ட பட்டம் ‘இசைமுரசு’. பட்டங்களில் எனக்கு மரியாதை கிடையாது. ஆனால் இந்த ஒரு பட்டத்தில் விமர்சனம் இருக்கிறது. வீணை என்று சொல்லவில்லை, குழல் என்று சொல்லவில்லை, முரசு என்றார்கள். முரசு ரசிப்பதற்கான வாத்தியமல்ல. அது தூரத்தில் இருப்பவனுக்குச் சேதி சொல்வது. அருகில் உட்கார்ந்து முரசு கேட்பவன் காதைப் பொத்திக்கொள்வான். ஹனிபாவின் குரலில் இருந்த உயரமும் அதே காரணத்தால் வந்தது. அது அழகுக்காக ஏற்றிக்கொண்ட சுருதி அல்ல. திறந்த வெளியில், கந்தூரியில், கடற்கரையில், கட்சி மாநாட்டில் கடைசி வரிசைக்கும் பின்னால் நின்று பீடி பிடித்துக்கொண்டிருப்பவனை எட்டவேண்டிய அவசியத்தால் பிறந்த சுருதி. தேவை வடிவத்தை உண்டாக்கியது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு அஞ்சலி என்ற காரியத்தைப் பார்க்கவேண்டும்.

நம்மிடம் அஞ்சலிக் கச்சேரிக்கு ஒரு பழைய மாதிரி உண்டு. எங்கள் ஊரிலிருந்து தெற்கே, கொள்ளிடத்தைத் தாண்டினால் திருவையாறு. தியாகராஜர் 1847இல் மறைந்தார். அவர் சமாதிக்குக் கோயில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். அங்கு வருஷா வருஷம் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைக் கூட்டமாகப் பாடுகிறார்கள். அந்த ஆராதனையைப் பற்றி, அதில் யாருக்கு இடமிருந்தது, யாருக்கு இல்லை என்பதைப் பற்றி, எனக்குப் பல புகார்கள் உண்டு. அவை வேறு விஷயம். இங்கே கவனிக்கவேண்டியது ஒன்று: அங்கு எவரும் தியாகராஜரைப் போலப் பாட முயல்வதில்லை. முயலவும் முடியாது. அவர் குரல் எப்படி இருந்தது என்று யாருக்குத் தெரியும்? நம் நாட்டுக்கு இசைத்தட்டு வந்தது 1902இல். அதற்குள் அவர் போய் அரை நூற்றாண்டுக்கும் மேலாகிவிட்டது. குணங்குடி மஸ்தான் சாகிபுக்கும் இதே நிலைதான். அவர் மறைந்தது 1838இல். அவர் பாட்டை எடுக்கிற பக்கீர் தன் தொண்டையைக்கொண்டுதான் பாடியாகவேண்டும். ஆகவே அஞ்சலி என்பது பாட்டுக்குச் செய்வதாக இருந்தது. குரல் செத்துப்போகும், பாட்டு நிற்கும் என்பது அந்தக் காலத்து ஏற்பாடு.

இசைத்தட்டு இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்கியது. குரல் நின்றுவிட்டது. நின்றுவிட்ட குரல், பாட்டை எழுதியவனைத் தள்ளிவிட்டுத் தானே பாட்டின் சொந்தக்காரனாக உட்கார்ந்துகொண்டது. ஹனிபா விஷயத்தில் இது மிகத் தெளிவாகத் தெரியும். அவர் பாடியவற்றில் மிகப் பிரபலமான ‘இறைவனிடம் கையேந்துங்கள்’ பாட்டை எழுதியவர் ஆர். அப்துல் ஸலாம். மதம் பாராமல் தமிழ்நாடு முழுக்கப் பாடப்படுகிற பாட்டு அது. எழுதியவர் பெயரை நான் கேட்டுப் பார்த்த பத்துப் பேரில் ஒருவருக்குத்தான் தெரிந்திருந்தது. ஒன்பது பேர் ஹனிபாவே எழுதினார் என்றார்கள். நாகூரின் புலவர்களில் ஒருவரான நாகூர் சலீம் 2013இல் மறைந்தார், ஹனிபாவுக்கு இரண்டு ஆண்டுகள் முன்பு. ஆயிரக்கணக்கில் பாட்டு எழுதியவர். அவருடைய பெயரைச் சொல்லி ஊர் ஊராக மேடை போட்டவர்களை நான் பார்க்கவில்லை.

இசைத்தட்டு வந்தபின் அஞ்சலி எப்படி மாறியது என்பதற்கு மேற்கே போய்ப் பார்ப்பது உபயோகமாக இருக்கும். அங்கே ராக் சங்கீதக்காரர்கள்தாம் நம்முடைய கட்சி மேடைக்கும் கந்தூரிக்கும் சமமான திடலைக் கண்டவர்கள். ஃப்ரெடி மெர்குரி ஜான்ஸிபாரில் பிறந்த பார்ஸி, மகாராஷ்டிரத்துப் பஞ்ச்கனியில் பள்ளிப் படிப்பு. எய்ட்ஸ் நோயால் 1991 நவம்பரில் இறந்தார். 1992 ஏப்ரல் 20 அன்று லண்டன் வெம்ப்ளி விளையாட்டரங்கில் அவருக்கு அஞ்சலிக் கச்சேரி நடந்தது. சுமார் 72,000 பேர் கூடினார்கள். டேவிட் போவி, ஜார்ஜ் மைக்கேல், ஆனி லெனாக்ஸ், லைசா மினெல்லி என்று பலர், அவரவர் குரலில் அவர் பாட்டுக்களைப் பாடினார்கள். எல்லாமே நன்றாக இருந்ததாகச் சொல்லமாட்டேன். சில பாட்டுக்கள் அந்த மனிதரின் தொண்டை இல்லாமல் நிற்கமுடியாமல் தடுமாறின. ஆனால் தடுமாறியதில்தான் இழப்பின் அளவு தெரிந்தது. பின்னர் 2005இலிருந்து அவருடைய ‘குயீன்’ குழுவினர் பால் ராட்ஜர்ஸ் என்ற பாடகரைச் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். ராட்ஜர்ஸ் மெர்குரியைப் போலப் பாடுகிறவரல்ல. முற்றிலும் வேறு மண்ணின் குரல். ரசிகர்களில் பலருக்கு அது பிடிக்கவில்லை. எனக்கு அது கௌரவமான காரியமாகப் படுகிறது. இறந்தவனுடைய நாற்காலியில் உட்காராமல், பக்கத்தில் இன்னொன்றைப் போட்டுக்கொண்டு உட்கார்வது போல.

இதற்கு நேர் எதிரான காரியமும் அங்கேயே நடந்தது. 1988இல் இறந்துபோன ராய் ஆர்பிசனின் ஒளியுருவத்தை மேடையில் நிறுத்தி, பழைய பதிவிலிருந்து குரலை எடுத்து, உயிரோடிருக்கும் வாத்தியக் கோஷ்டியை அதற்குப் பின்னால் உட்காரவைத்து, 2018இல் ஒரு சுற்றுப்பயணமே நடத்தினார்கள். நாமும் பின்தங்கிவிடவில்லை. 2024இல் வந்த ‘லால் சலாம்’ படத்தில் மறைந்த ஷாகுல் ஹமீது, பம்பா பாக்யா இருவருடைய குரல்களும் இயந்திரத்தின் மூலம் உண்டாக்கப்பட்டன. குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று, உரிய பணமும் கொடுத்ததாக இசையமைப்பாளர் ஏ.ஆர். ரஹ்மான் தெரிவித்தார். நான் அதை ஒழுக்கப் பிரச்னையாகப் பேசவில்லை. நகல் என்பதன் எல்லை அதுதான் என்று சொல்கிறேன். நகல்தான் அஞ்சலி என்றால், மனிதர்களைவிட இயந்திரம் அதை நன்றாகச் செய்யும். அப்போது ஊர் ஊராகப் போகும் பாடகருக்கு என்ன வேலை?

லப்பைக்குடிக்காட்டுக் கச்சேரிக்கு வருகிறேன்.

மேடையில் ஹனிபாவின் பெரிய படம். பாடியவர் அவருடையதைப் போன்ற உயர்ந்த தொப்பி அணிந்திருந்தார். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர் பெட்டிகள். புனல் ஸ்பீக்கர் இல்லை. கீழ்ஸ்தாயி முழுசாகக் கேட்டது. தபலா நெஞ்சில் இடித்தது. பாடியவர் அச்சு அசலாக ஹனிபா. கண்ணை மூடினால் என் பள்ளிக்கூடத்து நாட்கள். பக்கத்திலிருந்த பெரியவர், “அப்படியே அவர்தான்” என்று என் தொடையில் தட்டினார். நானும் தலையாட்டினேன்.

நாலைந்து பாட்டுக்களுக்குப் பிறகுதான் எதுவோ நெருடியது. ஒவ்வொரு பாட்டும் ஏறத்தாழ மூன்று நிமிஷத்தில் முடிந்தது. மூன்று நிமிஷம் என்பது பழைய 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கம். எங்கே மூச்சு எடுக்கவேண்டும், எந்தச் சொல்லை இழுக்கவேண்டும், எங்கே வாத்தியத்துக்கு வழிவிடவேண்டும் என்பதெல்லாம் தட்டில் உள்ளபடி. அவர் நகல் செய்தது ஹனிபாவின் தட்டைத்தான். ஹனிபாவின் கச்சேரியை அல்ல. மேடையில் ஹனிபாவைக் கேட்ட எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் வேறுவிதமாகச் சொல்வார்கள். கூட்டம் ஒரு வரியில் அசைந்தால் அந்த வரியை விடமாட்டாராம். திரும்பத் திரும்ப, கடைசி ஆள் தலையசைக்கும் வரை. எதிரில் இருப்பவனைப் பார்த்துப் பாடுவது அது. தட்டுக்கு எதிரில் யாரும் இல்லை. ஒரு கண்ணாடிக் கதவுக்கு அப்பால் நிற்கும் எஞ்சினியரைத் தவிர.

ஸ்பீக்கர் பெட்டிகளே தூரத்தைப் பார்த்துக்கொள்ளும்போது அந்த உயர்ந்த சுருதிக்கு அவசியமில்லை. ஆனாலும் அதே சுருதியில்தான் பாடினார். அவசியம் போன பிறகும் வடிவம் மட்டும் நின்றது. கவிதையில் எதுகை மோனைக்கு என்ன நடந்தது என்று பேசிப் பேசி நாம் ஓய்ந்துபோன விஷயம்தான். இங்கே அது ஒரு மனிதனின் தொண்டையில் நடந்துகொண்டிருந்தது.

எழுதியவர் பெயர் ஒரு பாட்டுக்கும் சொல்லப்படவில்லை.

கூட்டத்தையும் பார்த்தேன். நாற்பது வயதுக்குக் குறைந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். வளைகுடாவுக்குப் போய்த் திரும்பிய தலைமுறை முன்வரிசையில் இருந்தது. எழுபதுகள், எண்பதுகளில் நேஷனல் பானசோனிக் டேப்ரிகார்டரோடு வந்து இறங்கி, தெருவுக்கே ஹனிபா கேசட் போட்டவர்கள் அவர்கள். பாலைவனத்து அறைகளில் அவர்களுக்கு ஊராக இருந்தது அந்தக் குரல்தான். அவர்களுடைய பிள்ளைகள் வரவில்லை. காரணம் அலட்சியம் மட்டுமல்ல. எண்பதுகளுக்குப் பிறகு சமயச் சீர்திருத்த இயக்கங்கள் வலுப்பெற்றன. தர்காவைப் பாடுவது சரிதானா, வாத்தியம் கூடுமா என்ற கேள்விகள் வீட்டுக்குள் வந்தன. அது அவர்கள் சமயத்துக்குள் அவர்கள் நடத்தவேண்டிய விவாதம். இக்கரையிலிருந்து நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் விளைவு ஒன்று உண்டு. கல்யாண வீட்டு மரத்திலிருந்து புனல் இறங்கிவிட்டது. அந்தக் குரலை வேண்டாமலே கேட்டு வளரும் பிள்ளைகள் இனி இல்லை. பாட்டு முழுவதும் குரலின் ஞாபகத்தில் கட்டப்பட்டிருந்தால், ஞாபகம் உள்ள கடைசி மனிதரோடு பாட்டும் முடிந்துபோகும். முப்பது வருஷத்தில் முடிந்துபோகும். இதுதான் என்னைப் பயமுறுத்தியது. நாங்கள் மகிழ்ந்து கேட்டுக்கொண்டிருந்தது ஒரு கலையின் தொடர்ச்சியை அல்ல. மிகப் பிரியமான ஒரு கணக்கு மூடலை.

கச்சேரி முடிந்து சாமான்களை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பாடியவர் தொப்பியைக் கழற்றிவிட்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். அருகில் போய் உட்கார்ந்தேன்.

“ரொம்ப நல்லா இருந்துச்சு பாய். ஒண்ணு கேக்கலாமா? உங்க குரல்லயே ஒரு பாட்டு பாடியிருக்கலாமே?”

சிரித்தார். “என் குரலுக்கு யாருங்கய்யா நோட்டீஸ் அடிப்பாங்க? சின்ன வயசுல என் குரல்லதான் பாடினேன். டீ வாங்கிக் குடுத்து அனுப்பிடுவாங்க. அவரு குரல்ல பாட ஆரம்பிச்ச பிறகுதான் பிள்ளைங்களைப் படிக்க வைக்க முடிஞ்சுது.”

எனக்குப் பதில் இல்லை. அவர் குரலை விலைக்கு வாங்காதவர்களில் நானும் ஒருவன். அன்று காலை “ஹனிபா குரலில்” என்று நோட்டீஸில் போட்டிருந்ததால்தான் ஆற்றைத் தாண்டி வந்தேன். கண்ணை மூடிக்கொண்டதும் நான்தான். நகலைக் கேட்டு வாங்குகிறவன் ஒருவன் இருப்பதால் நகல் நடக்கிறது. விமர்சகன் மேடையை மட்டும் பார்த்துப் பேசுவது சௌகரியம், நேர்மையல்ல.

இதைப் படிக்கிறவர்களில் பலர் எழுதுகிறவர்கள். நம்முடைய காரியமும் இதற்கு வெகு தூரமில்லை. புதுமைப்பித்தன் 1948இல் இறந்தார். அவருடைய கிண்டலை மட்டும் எடுத்துக்கொண்டு எத்தனை பேர் எழுதினார்கள்! மௌனி 1985இல் இறந்தார். அவருடைய மங்கலை எடுத்துக்கொண்டு எழுதியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். புதுமைப்பித்தனின் கிண்டல் அவர் தாங்கமுடியாத ஏதோ ஒன்றோடு மோதியபோது எழுந்த சத்தம். மோதலை விட்டுவிட்டுச் சத்தத்தை எடுத்துக்கொள்வது எளிது. அதை நாம் மரபு என்கிறோம், பாதிப்பு என்கிறோம். நம் அஞ்சலி இதழ்களும் பெரும்பாலும் படத்தை மாட்டி, தொப்பியை அணிந்துகொண்டு பாடுகிற கச்சேரிகளே.

ஹனிபா செய்த காரியம் என்ன என்ற கேள்விக்கு இப்போது என்னால் இவ்வளவு சொல்லமுடிகிறது. பாட்டு அவர் எழுதியதல்ல. பல மெட்டுக்கள் அவருடையவையல்ல. குரல் இயற்கை தந்தது. அவருடையது என்று சொல்லத்தக்கது, இன்னொருவர் எழுதிய சொல்லை எடுத்து, அதைக் கேட்க வராதவன் இருக்கும் தூரம் வரை கொண்டுபோய்ச் சேர்த்ததுதான். பணம் கட்டி உட்காராதவன், வேறு சாமியைக் கும்பிடுகிறவன், வேறு கட்சிக்காரன், ஆற்றுக்கு இந்தப் பக்கம் திண்ணையில் படித்துக்கொண்டிருந்த ஒரு பையன் – இவர்கள் வரை. அதற்கு அஞ்சலி செய்வதென்றால் அந்தக் குரலைத் திரும்ப உண்டாக்குவதல்ல; இன்று யார் கேட்காமலிருக்கிறார்களோ அவர்களை எட்டுவதற்கு இன்று என்ன தொண்டை வேண்டும் என்று தேடுவது. அது தணிந்த குரலாகக்கூட இருக்கலாம். வாத்தியமே இல்லாததாகவும் இருக்கலாம். அப்படியிருந்தால் வராமல் போன பிள்ளைகளில் சிலர் வந்து நிற்கவும் கூடும்.

இதையெல்லாம் அந்த டீக்கடையில் நான் சொல்லவில்லை. இரவு வேளையில், களைத்துப்போன மனிதரிடம், பிள்ளைகள் படிப்பை முன்வைத்துப் பேசியவரிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒன்று மட்டும் கேட்டேன். பாட்டு தொடங்கும் முன் எழுதியவர் பெயரைச் சொல்லலாமே என்று.

“சொல்லலாம்தான்,” என்றார். கொஞ்சம் யோசித்து, “எல்லாத்துக்கும் எனக்கே தெரியாதுங்கய்யா,” என்றார். எனக்குத் தெரிந்த இரண்டு மூன்றைச் சொன்னேன். நோட்டீஸின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். பிறகு, அப்துல் ஸலாம் எழுதியது என்று நான் சொன்ன பாட்டின் இரண்டு வரிகளைப் பாடிப் பார்த்தார், வேன் டிரைவர் காத்திருந்ததால் அவசரமாக. தொண்டை கட்டியிருந்தது. சுருதி எங்கேயோ கீழே இருந்தது. ஹனிபா அதில் இல்லை. சொல் தெளிவாகக் கேட்டது.

நான் பாலத்தின் வழியாக நடந்து வந்தேன். ஆற்றில் தண்ணீர் இல்லை.